மூட்டையை அவிழ்ப்பது யார்?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகே, மகாராஜபுரம் இருக்கிறது. சதுரகிரிக்குச் செல்வோர் ஏறத் தொடங்கும் தாணிப்பாறை அங்கிருந்து வெகுதொலைவில் இல்லை. மலைக்குப் போய்த் திரும்பியவர்கள் சொல்வதுண்டு: ஏறும்போது மூச்சு வாங்கும்; ஆனால் இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும். விடுமுறையும் அப்படித்தான். போவது எளிது. திரும்பி வந்து அன்றாட வாழ்வுக்குள் இறங்குவதே கடினம். அந்த இறக்கத்தில் வலிப்பது யாருடைய முழங்கால் என்பதே இங்கு நாம் எழுப்பும் கேள்வி.

பள்ளிகள் திறந்த ஜூன் மாதத்து வாரம் ஒன்றில், அவ்வூரில் ஓர் இளங்குடும்பத்தைச் சந்திக்கச் சென்றோம். கணவரும் மனைவியும் ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைத் தொழிலாளர்கள். பிள்ளைகள் இருவர். வேளாங்கண்ணிக்குப் போய், அப்படியே கணவரின் உறவினர் வீட்டிலும் தங்கி, பத்து நாள் கழித்துத் திரும்பியிருந்தார்கள். வந்து மூன்று நாளாகியும் நடுவீட்டில் இரண்டு பெரிய மூட்டைகள் அவிழ்க்கப்படாமல் கிடந்தன. மூத்தவனுக்குச் சீருடை சிறுத்துவிட்டது. இளையவளின் நோட்டுகளுக்கு அட்டை போடவில்லை. மாவு அரைக்கவில்லை, குழாயில் தண்ணீர் வந்த நேரத்தில் பிடித்துவைக்கவும் ஆளில்லை. அதிகாலை ஷிப்டுக்கு மில் வண்டியைப் பிடிக்க மூன்றரை மணிக்கே எழுந்த அந்தப் பெண், வேலை முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார்.

கணவர் நம்மிடம் முறையிட்டார்: "சாமி, ஊருக்குப் போயிட்டு வந்ததிலிருந்து இவளுக்கு ஒரு வேலையும் ஓடமாட்டேங்குது. நீங்க கொஞ்சம் புத்தி சொல்லுங்க."

நாமும் சொன்னோம். இல்லத்தின் விளக்கு பெண்ணே என்றோம். நாசரேத்தூர் அன்னையைப் பாருங்கள் என்றோம். சோர்வை ஒப்புக்கொடுத்தால் அது செபமாகும் என்றோம். அந்தப் பெண் எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. "காபி போடுறேன் சாமி" என்று எழுந்து போனார். நாமும் கணவரும் உட்கார்ந்து அந்தக் காபியைக் குடித்தோம். திரும்பும் வழியில்தான் நமக்கு உறைத்தது. களைத்துப்போனவரைச் சோம்பல்காரர் என்று கண்டித்துவிட்டு, அவர் கையாலேயே காபியும் வாங்கிக் குடித்து வந்திருக்கிறோம்! இந்தக் கட்டுரை அந்தக் காபிக்கு நாம் செலுத்தும் கடன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். கூலிக்கு உழைப்பவனுக்கு ஊர்சுற்றல் எதற்கு என்று கேட்போரின் கட்சி நாமல்லோம். ஓய்வு உழைப்பாளியின் உரிமை. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் அதை வலியுறுத்தினார். குடும்பத்தையும் பண்பாட்டையும் இறைப்பற்றையும் பேணுவதற்குப் போதிய ஓய்வு வேண்டும் என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது. வாரத்தில் ஒரு நாள் மட்டுமன்று, ஆண்டு விடுமுறையும் உரிமையே எனத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் எழுதினார். நாட்டின் சட்டமும் இதை ஏற்றது. ஆண்டில் 240 நாள் உழைத்தவருக்கு, உழைத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் விடுப்பு என 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. 2020இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 240ஐ 180 ஆகக் குறைத்தது. ஆலையின் பதிவேட்டில் அவளுடைய நாள்களும் எண்ணப்படுகின்றன. அடுப்படி நாள்களை எந்தப் பதிவேடு எண்ணுகிறது?

அந்தப் பத்து நாள் அப்பெண்ணுக்கு எப்படிக் கழிந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்த்தோமா? வேளாங்கண்ணியில் அறை எடுத்துத் தங்கும் நம் குடும்பங்கள் அரிசியும் மிளகாய்த்தூளும் அடுப்பும் சுமந்து போவதை அறியாதவர் யார்? பிள்ளைகள் கடலைப் பார்க்கிறார்கள். தந்தை பிள்ளைகளைப் பார்க்கிறார். தாய் உலையைப் பார்க்கிறாள். பிறகு உறவினர் வீடு. அங்கே மருமகள் விருந்தாளியாக உட்கார முடியுமா? பத்துப் பேருக்குச் சமையல், பாத்திரம், துணி. அவளுக்குக் கிடைத்தது ஓய்வன்று, அடுப்பு மாற்றம். ஒருவர் ஓய்ந்து திரும்புகிறார். மற்றவர் ஓயாமல் திரும்புகிறார். திரும்பிய மறுநாள் இருவரையும் ஒரே தராசில் நிறுத்தி, ஓயாதவருக்கே குறை சொல்வது எந்த நீதி?

இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். மத்திய அரசு 2019இல் நாடெங்கும் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். அப்படி ஈடுபடுவோரோ, பெண்களில் நூற்றுக்கு 81 பேர்; ஆண்களில் நூற்றுக்கு 26 பேர் மட்டுமே. சாதாரண நாளின் கணக்கே இது. மூட்டை அவிழும் வாரத்தின் கணக்கை அன்பர்களே போட்டுக்கொள்ளலாம்.

நம் ஆடவர் சிலர் மறுமொழி கூறுவர். "நாங்களும் இராப்பகலாக ஆலையில் உழைக்கிறோமே!" உண்மை, இரவு ஷிப்டின் கொடுமையை நாம் அறிவோம். ஆனால் அவளும் அதே பஞ்சுத்தூசியைச் சுவாசித்துத்தான் வருகிறாள். உம் களைப்பு கட்டிலுக்கு உரிமை தருமானால், அவள் களைப்பு ஏன் தரவில்லை?

வேறு சிலர் மறையைத் துணைக்கு அழைப்பர்: "அது அவள் சுமக்கவேண்டிய சிலுவை." சிலுவையைச் சுமக்கச் சொன்ன ஆண்டவர், உன் சிலுவையைப் பிறர் தோளில் ஏற்று என்று எங்கும் சொல்லவில்லை. விடுதலைப் பயண நூலின் 20ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஓய்வுநாளில் மகனும் மகளும் அடிமையும் பணிப்பெண்ணும் கால்நடையும் அந்நியரும் வேலை செய்யலாகாது என அங்கே பட்டியல் வருகிறது. மனைவி தனியே குறிக்கப்படவில்லை. "நீ" என்ற சொல்லுக்குள் அவளும் அடக்கம் என்பர் விளக்கம் கூறுவோர். நன்று. அப்படியானால் அந்த ஓய்வும் அவளுக்கு உரியதாகவேண்டும் அன்றோ? மாட்டுக்குக் கிடைக்கும் ஓய்வு மனையாளுக்கு இல்லையெனில், நாம் கடைப்பிடிப்பது எந்தக் கட்டளையை?

மூன்றாவது மறுப்பே நம் ஊர்களில் வலிமையானது: "ஆண்பிள்ளை துடைப்பம் எடுத்தால் தெரு சிரிக்கும்." வீட்டுவேலையை ஏற்பதால் ஓர் ஆணின் ஆண்மை குறைவதில்லை என்று 'அன்பின் மகிழ்ச்சி' என்னும் தம் மடலில் திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் எழுதியிருக்கிறார். அதைவிடப் பெரிய சான்று யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இரவெல்லாம் வலைவீசிக் களைத்துக் கரையேறிய சீடர்களுக்கு, உயிர்த்த ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக்கிக் காத்திருந்தார். சாவை வென்றவர் அடுப்பு மூட்ட வெட்கப்படவில்லை. தெரு சிரிக்கும் என்று நாம் அஞ்சுகிறோம்!

திருக்குடும்பமும் விழாவுக்குப் போய்த் திரும்பிய குடும்பமே. லூக்கா அதைச் சொல்கிறார். எருசலேமிலிருந்து திரும்பும் வழியில் ஒரு நாள் பயணம் கடந்த பின்னரே பிள்ளை உடன் இல்லை என்பது தெரிந்தது. அப்போது யோசேப்பு என்ன செய்தார்? பிள்ளையைப் பார்த்துக்கொள்வது தாயின் பொறுப்பு என்று மரியாவைக் கடிந்துவிட்டு நாசரேத்துக்கு நடையைக் கட்டவில்லை. இருவரும் திரும்பினார்கள், இருவரும் தேடினார்கள், இருவரும் கலங்கினார்கள். நாசரேத்தூர் அன்னையைப் பாருங்கள் என்று அப்பெண்ணுக்குச் சொன்ன நாம், நாசரேத்தூர்த் தச்சரைப் பாருங்கள் என்று கணவருக்குச் சொல்லவில்லை.

இங்கே குருக்களாகிய நம்மையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவேண்டும். ஆண்டுத் தியானம் முடிந்து பங்குக்குத் திரும்பும்போது நம் அறை கூட்டப்பட்டிருக்கிறது. மேசையில் உணவு மூடிவைக்கப்பட்டிருக்கிறது. மூட்டை அவிழ்ப்பதன் வருத்தம் நமக்கு எப்படித் தெரியும்? அது தெரியாமலே மறையுரை ஆற்றுகிறோம். மே மாதத்தில் திருப்பலிக்கு வராதவர்களை ஜூன் முதல் ஞாயிறன்று பீடத்திலிருந்து கடிந்துகொள்கிறோம். அதே வாரத்தில் மறைக்கல்விக் கூட்டமும் அன்பியக் கூட்டமும் வைத்துத் தாய்மாரை அழைக்கிறோம். இவ்வாண்டு முதல் ஜூன் முதல் வாரத்தில் நம் பங்கில் எந்தக் கூட்டமும் வைப்பதில்லை என்று முடிவு செய்துள்ளோம்.

இளங்குடும்பத்தாரிடம் நாம் வேண்டுவது மூன்று. விடுப்பின் கடைசி நாளைப் பயணத்தில் செலவழிக்காதீர்கள். ஒரு நாள் முன்னரே வீடு திரும்பி, வீட்டை ஒழுங்குபடுத்த அந்த நாளை வையுங்கள். வந்த அன்றே கணவனும் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து மூட்டையை அவிழுங்கள். துவைப்பது யார், தண்ணீர் பிடிப்பது யார், நோட்டுக்கு அட்டை போடுவது யார் என்று அப்போதே பேசி முடியுங்கள். அந்த முதல் வாரத்தில், யார் முதலில் வீடு சேர்கிறாரோ அவரே அடுப்பை மூட்டட்டும்.

மலைமேல் மூன்று கூடாரம் அமைக்க விரும்பினார் பேதுரு. ஆண்டவரோ அவரைக் கீழே அழைத்து வந்தார். அடிவாரத்தில் காத்திருந்தது நோயுற்ற மகனுடன் ஒரு தந்தை. இறங்கி வந்து பொறுப்பை ஏற்பதும் மலைக்காட்சியைச் சேர்ந்ததே.

மகாராஜபுரத்து அந்த வீட்டுக்கு மீண்டும் செல்வோம். இம்முறை புத்திமதி கணவருக்கு. அதற்கும் முன்பாக, அப்பெண்ணிடம் நாம் மன்னிப்புக் கேட்கவேண்டும். காபியை அவர் கணவர் போடட்டும்; எப்படி இருந்தாலும் குடிப்போம்.