உப்பும் பாசியும்

வேலூர், ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு குட்டை பச்சையாகத் தென்பட்டால், பாசி பிடித்துவிட்டது என்று முகம் சுளித்துக் கொண்டு போய்விடுகிறோம். அந்த அற்பப் பாசியும் நமக்குப் பாடம் சொல்லக்கூடும் என்று யார்தான் நினைக்கிறோம்?

நன்னீர்க் குட்டைகளில் வாழும் 'கிளாமிடோமோனாஸ்' என்னும் பச்சைப் பாசிக்கு உடல் முழுவதும் ஒரே உயிரணுதான். குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்கு. சாட்டை போன்ற இரண்டு இழைகளை வீசிக்கொண்டு, வெளிச்சத்தை நாடி அது நீந்தும். அந்த ஜலத்தில் லிட்டருக்கு 6 கிராம் அளவு சாப்பாட்டு உப்பைக் கரைத்தால் அதன் உருவமே மாறிவிடுகிறது. இழைகள் மறைகின்றன, நீச்சல் நின்றுபோகிறது. தாயணு பிளந்து உண்டாகும் சேயணுக்கள் வெளியேறாமல், ஒரே உறைக்குள் பசையில் புதைந்து ஒண்டிக் கிடக்கின்றன. பார்ப்பவர்கள் இது வேறு ஜாதிப் பாசி என்றே ஏமாறக்கூடும். உப்பற்ற ஜலத்தில் மறுபடியும் விட்டாலோ, உறை கரைந்து, அணுக்கள் பிரிந்து, பழையபடி நீந்தத் தொடங்குகின்றன. மும்பை ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் இதை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள்.

தோல் ஜில்லாவில் உள்ளவர்களுக்கு உப்பைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிடுகிறார்கள். தோல் ஷாப்பில் முதல் வேலையே அதை ஊறவைத்துக் கழுவுவதுதான். கழிவு நீரிலுள்ள குரோமியத்தை வண்டலாகப் படியவைத்துப் பிரித்துவிடலாம். கரைந்த உப்போ சாதாரணச் சுத்திகரிப்புக்கு அகப்படாது. மெல்லிய சவ்வின் வழியே நீரை அழுத்தி வடிக்கவேண்டும். அதற்குச் செலவு அதிகம். செலவுக்கு அஞ்சி வெளியே விட்டால், அது பாலாற்று மணலில் இறங்கிக் கிணறுகளில் ஊறும்.

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், அசுத்தம் செய்தவரே அதன் நஷ்டத்தை ஏற்கவேண்டும் என்ற நியதி இந்நாட்டுச் சட்டத்தைச் சேர்ந்ததே என்று 1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தொழிலை மூடவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே சோறு போடுகிறது. ஊறப்போடுமுன் தோலிலுள்ள உப்பை உதறி எடுப்பதுகூட ஒரு நல்ல ஆரம்பந்தான்.

நல்ல ஜலம் வரும்வரை பாசி உறைக்குள் ஒண்டிக் காத்திருக்கும். கிணற்றை நம்பிய குடியானவன் எங்கே போய் ஒண்டுவான்?