திட்டு விழும் என்று மறைக்காதீங்க!



பரீட்சை லீவு விட்டால் போதும், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஓய்வே கிடையாது. காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு கேம், எங்கோ ஒரு மூலையில், 'இலவசம்' என்று கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்... உடனே டவுன்லோடு தான்! 'ஆன்ட்டி வைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று அதிலேயே எழுதியிருக்கும். அதையும் அப்படியே செய்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. வீட்டுக்கு வருகிற ஒரு ஆள், 'முதலில் நாயைக் கட்டிப் போடு, அப்புறம் தான் உள்ளே வருவேன்' என்றால், அவர் மேல் நமக்குச் சந்தேகம் வராதா?

மறுநாள் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகரும். கேட்காத விளம்பரங்கள் எட்டிப் பார்க்கும். அப்பா, 'என்னடா ஆச்சு?' என்பார். 'எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா!'

இந்தப் பதிலைப் பற்றித் தான் இந்த வாரம் பேசப் போகிறோம். டவுன்லோடு செய்தது சின்னத் தப்பு. வாயை மூடிக் கொள்வது தான் பெரிய ஆபத்து.

ஒரு காலத்தில் வைரஸ் என்பது வெறும் குறும்பாக இருந்தது. 1982ல் அமெரிக்காவில் ரிச் ஸ்க்ரென்டா என்ற 15 வயது பள்ளி மாணவர், ஆப்பிள் கம்ப்யூட்டருக்காக, 'எல்க் குளோனர்' என்ற வைரசை எழுதினார். பிளாப்பி தட்டு மூலம் பரவும். ஒவ்வொரு 50வது முறை கம்ப்யூட்டரை இயக்கும் போதும் திரையில் ஒரு குட்டிக் கவிதை வரும், அவ்வளவு தான். 1986ல் பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர் எழுதிய, 'பிரெய்ன்' வைரசில், அவர்களுடைய பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாமே இருந்தன!

இன்றைக்கு வருகிறவன் விலாசம் கொடுக்க மாட்டான். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைச் சத்தமில்லாமல் அள்ளிக் கொண்டு போவான். அதே கம்ப்யூட்டரில் தானே அம்மா கரன்ட் பில் கட்டுகிறார். அக்கா கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறார்? நீங்கள் மறைக்கிற ஒவ்வொரு நாளும், அவனுக்குக் கிடைக்கிற இலவச நாள்.

சரி, மாட்டிக் கொண்டாயிற்று. என்ன செய்வது?

முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். அப்புறம் பெரியவர்களிடம் சொல்லுங்கள். வங்கி, இ-மெயில் பாஸ்வேர்டுகளை அவர்கள் உடனே மாற்ற வேண்டும். அதை அந்தக் கம்ப்யூட்டரிலேயே செய்யக் கூடாது. வேறு ஒரு போனில் செய்ய வேண்டும். திருடன் பக்கத்தில் நின்று பார்க்கும் போது, புதுப் பூட்டுக்குச் சாவி செய்யலாமா? 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற வசதி இருந்தால், அதையும் அழுத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது ஸ்கேன். விண்டோஸ் ஓடிக் கொண்டிருக்கும் போது சில வைரஸ்கள் ஒளிந்து கொள்ளும். அதனால், விண்டோசுடன் வரும் டிபெண்டரில், 'ஆப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே அது தேடிப் பிடிக்கும். நம் மத்திய அரசு 2017ல் தொடங்கிய, 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' இணையதளத்திலும் இலவசமாக வைரஸ் நீக்கும் கருவிகள் கிடைக்கின்றன.

அதற்கும் அடங்கவில்லையா? பார்மட் செய்து, விண்டோசைப் புதிதாகப் போடுவது தான் வழி. அதற்கு முன், போட்டோக்களையும், பாடக் குறிப்புகளையும் மட்டும் நகல் எடுத்து, ஸ்கேன் செய்து வையுங்கள். அந்த கேமையும் சேர்த்து நகல் எடுத்தால், பட்ட பாடெல்லாம் வீண்!

சில வைரஸ்கள், போட்டோக்களைப் பூட்டி வைத்து, 'பணம் கொடு' என்று மிரட்டும். கொடுத்தாலும் திறப்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், நெதர்லாந்து போலீஸ், இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் சேர்ந்து 2016ல், 'நோ மோர் ரேன்சம்' என்ற இணையதளத்தைத் தொடங்கின. பல பூட்டுகளுக்கு அங்கே இலவசமாகச் சாவி உண்டு. எல்லாவற்றுக்கும் கிடையாது. இன்று கிடைக்காத சாவி பின்னால் கிடைக்கலாம் என்பதால், பூட்டிய பைல்களை அழிக்காமல் தனியே வைத்திருப்பது நல்லது.

பென் டிரைவ் கதை தனிக் கதை. பள்ளி புராஜெக்டை பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போவீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், போல்டர் படத்தின் ஓரத்தில் குட்டியாக ஒரு அம்புக்குறி. அது உங்கள் போல்டரே அல்ல! வைரஸ், உங்கள் போல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு போலியை வைத்திருக்கிறது. அதைத் தட்டினால் வைரசும் ஓடும், புராஜெக்டும் திறக்கும். அதனால் தான் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. இதைப் பார்த்து, 'ஐயோ, எல்லாம் போச்சே' என்று பென் டிரைவை பார்மட் செய்துவிடாதீர்கள். அம்புக்குறி உள்ளதைத் தொடாமல் முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு, மறைந்துள்ள பைல்களைக் காட்டும் வசதியை இயக்கினால், பெரும்பாலும் உங்கள் போல்டர் அங்கேயே பத்திரமாக இருக்கும். இந்த வம்பே வேண்டாம் என்றால், பிரின்ட் எடுக்க வேண்டியதைக் கடைக்காரருக்கு இ-மெயிலில் அனுப்பிவிடலாம்.

கடைசியாக, இதைப் படிக்கும் அப்பா, அம்மாக்களுக்கு... உங்கள் பிள்ளை, 'ஒரு தப்பு பண்ணிட்டேன்' என்று வந்து நின்றால், கையை ஓங்காதீர்கள். இன்று அடி வாங்கிய பிள்ளை, அடுத்த முறை வாயே திறக்காது. கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால், அந்தப் பணம் கை மாறும் முன் வங்கியால் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. நாள் கடந்துவிட்டால், அந்த வாய்ப்பு குறைந்து கொண்டே போகும்.

அடுத்த வாரம் சந்திப்போம்!

அன்புடன்,
ஆசிரியர்