மறுசண்டை யாருக்காக?

குத்துச்சண்டையில், அதிலும் ஹெவிவெயிட் என்று சொல்லப்படுகிற பெரிய ஆட்களின் சண்டையில், ஒருவர் மற்றவரை ஒரேயடியாக அடித்து வீழ்த்திவிட்டால், மறுநாள் காலையிலேயே ஒரு கேள்வி கிளம்பிவிடுகிறது. இந்த இருவரையும் மறுபடியும் மோதவிடலாமா, கூடாதா என்பதே அக்கேள்வியாகும். தோற்றவருடைய கட்சிக்காரர்கள் மோதவிட்டே தீரவேண்டும் என்கிறார்கள். ஏன் என்று கேட்டால், அன்றைக்கு அவருக்கு நேரம் சரியில்லை என்கிறார்கள். ஜெயித்தவருடைய கட்சிக்காரர்களோ, இனிமேல் என்ன இருக்கிறது, அது தீர்ந்துபோன வழக்கு என்கிறார்கள். நாளைக்கே முடிவு தலைகீழானால் இவர்கள் பாட்டை அவர்களும் அவர்கள் பாட்டை இவர்களும் பாடுவார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

நேரம் சரியில்லை என்பது ஒரு காரணமா தோழர்களே? மணி அடித்தபோது இருவருக்கும் சேர்த்து ஒரே மணிதானே அடித்தது? ஒருவருக்கு நல்ல நேரமாகவும் மற்றவருக்குக் கெட்ட நேரமாகவும் ஒரே நிமிஷம் எப்படி இருக்க முடியும்? தோல்விக்குக் காரணம் இல்லாமலிருக்காது. அது கையிலோ, காலிலோ, பழக்கத்திலோ, வயதிலோ, எடையிலோ இருந்தாக வேண்டும். அந்தக் காரணம் இன்னதென்று கண்டுபிடித்து, அதை மாற்றியிருக்கிறேன் என்று காட்டக்கூடியவருக்கு மறுசண்டை கொடுப்பது நியாயம். காரணம் அப்படியே இருக்க, காரியம் மட்டும் வேறாக நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்கும், மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டு பரீட்சைக்குப் போவதற்கும் வித்தியாசமில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

ஆனால் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். ஒரே ஒரு சண்டையின் முடிவை வைத்துக்கொண்டு இவர்தான் என்றைக்கும் உயர்ந்தவர் என்று முடிவு கட்டுவதும் புத்திசாலித்தனமல்ல. ஹெவிவெயிட் என்பது இக்காலத்தில் 200 பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 91 கிலோவுக்கு மேற்பட்டவர்களின் வகுப்பு. அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் தடையில்லை. அவ்வளவு எடையுள்ளவரின் குத்து ஒன்று தாடையில் சரியாக விழுந்தால், அதுவரையில் எல்லாச் சுற்றுகளையும் ஜெயித்துக்கொண்டு வந்தவரும் தரையில் படுக்க வேண்டியதுதான். ஆதலால் முடிவு ஒருதலைப்பட்சமாயிருப்பதாலேயே திறமையும் ஒருதலைப்பட்சம் என்று ஆகிவிடாது.

இதற்கு அமெரிக்காவிலிருந்த பிளாய்ட் பாட்டர்சன் என்ற ஒரு மனிதருடைய வாழ்க்கையே போதுமானது. மறுசண்டை நியாயம் என்பதற்கும் அவரே சாட்சி, அநியாயம் என்பதற்கும் அவரே சாட்சி. 1956ஆம் வருஷத்தில், தமது 21ஆம் வயதில், ஆர்ச்சி மூர் என்பவரை வீழ்த்தி உலகச் சாம்பியனானவர் அவர். 1959 ஜூன் 26ந் தேதி நியூயார்க்கில் ஸ்வீடன் தேசத்து இங்கெமார் ஜோஹான்சன், மூன்றாவது சுற்றிலே அவரை ஏழு தடவை தரையில் வீழ்த்தினார். ஏழு தடவை! பிறகுதான் மத்தியஸ்தர் சண்டையை நிறுத்தினார். இதைவிட ஒருதலைப்பட்சமான முடிவு வேறு என்ன வேண்டும்? ஆனால் பாட்டர்சன் ஜாதகத்தைப் புரட்டப் போகவில்லை. தம்மை வீழ்த்தியது எதிரியின் வலது கை என்று கண்டு, ஏறக்குறைய ஒரு வருஷம் ஒதுங்கியிருந்து அதற்கு மாற்றுப் பழகினார். உடம்பிலும் சுமார் 8 பவுண்டு கூட்டிக்கொண்டார். 1960 ஜூன் 20ந் தேதி அதே நியூயார்க்கில், ஐந்தாவது சுற்றில், தமது இடது கைக் குத்தினால் ஜோஹான்சனை நினைவு தப்பிப் படுக்க வைத்தார். ஹெவிவெயிட் பட்டத்தை இழந்து மறுபடியும் பெற்ற முதல் மனிதர் அவரே. முதல் சண்டையோடு போதும் என்று அன்று நிறுத்தியிருந்தால் உலகம் ஒரு தப்பான தீர்ப்பையே மெய்யென்று நம்பிக்கொண்டிருக்கும்.

நிற்க, அதே பாட்டர்சன் 1962 செப்டம்பர் 25ந் தேதி சிக்காகோவில் சன்னி லிஸ்டன் என்பவரை எதிர்த்தார். லிஸ்டன் ஏழைக் குத்தகை விவசாயியின் மகன், எழுதப் படிக்கத் தெரியாதவர், திருட்டுக் குற்றத்துக்காகச் சிறையிலிருந்தபோது அங்கேயே குத்துச்சண்டை கற்றவர். இருவரும் கறுப்பு மனிதர்கள்தான். இருந்தும் ஜனாதிபதி கென்னடி முதற்கொண்டு பெரிய மனிதர்கள் எல்லாம், பாட்டர்சன் நல்ல பிள்ளை, அவர்தான் ஜெயிக்க வேண்டும் என்று விரும்பினார்கள். விருப்பத்துக்கும் குத்துக்கும் என்ன சம்பந்தம்? லிஸ்டன் 214 பவுண்டு, பாட்டர்சன் 189. (இன்றைய கணக்குப்படி பார்த்தால் பாட்டர்சன் இதற்குக் கீழ் வகுப்பைச் சேர்ந்தவர்.) கை நீளத்தில் லிஸ்டனுக்கு ஓர் அடிக்கு மேல் அதிகம். 2 நிமிஷம் 6 வினாடியில் சண்டை முடிந்துவிட்டது.

பாட்டர்சன் என்ன செய்தார் தெரியுமா? பொய்த் தாடியை ஒட்டிக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியேறி, இரவோடிரவாக மோட்டாரில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். பிறகு மாட்ரிட் நகருக்கும் மாறுவேஷத்திலேயே போய்த் தெருவில் நடந்தார். நாம் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தத் தாடியைச் சண்டைக்கு முன்னாலேயே அவர் கொண்டுவந்திருந்தார் என்பதுதான்!

இப்பேர்ப்பட்ட நிலையிலிருந்தவரை 1963 ஜூலை 22ந் தேதி லாஸ் வேகாஸில் அதே லிஸ்டன் முன்னால் மறுபடியும் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஏனென்றால் ஒப்பந்தத்தில் மறுசண்டைக்கு ஒரு ஷரத்து எழுதியிருந்தது. என்ன மாறியிருந்தது? லிஸ்டன் கை குட்டையாகிவிட்டதா? பாட்டர்சன் புதிதாக ஒரு தந்திரம் கற்றுக்கொண்டாரா? ஒன்றுமில்லை. மூன்று தடவை விழுந்தார், 2 நிமிஷம் 10 வினாடியில் முடிந்தது. முதல் தடவையைவிட 4 வினாடி அதிகம் நின்றார் என்பதுதான் அந்த மறுசண்டையால் உலகம் கண்ட லாபம். பணம் கொடுத்துக் கொட்டகைகளில் திரையில் பார்த்த ஜனங்களுக்கு இரண்டு சண்டைகளிலும் சேர்த்துக் கிடைத்தது 4 நிமிஷம் 16 வினாடி!

ஆகவே 1960க்கும் 1963க்கும் உள்ள வித்தியாசம் அதிர்ஷ்டமல்ல. முதலாவதில் காரணம் மாற்றப்பட்டிருந்தது, இரண்டாவதில் மாற்றப்படவில்லை, அவ்வளவுதான்.

இதற்கும் முந்தின சங்கதி ஒன்று உண்டு. 1936 ஜூன் 19ந் தேதி ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங், அதுவரை தோல்வியே அறியாத ஜோ லூயியைப் பன்னிரண்டாவது சுற்றில் வீழ்த்தினார். எப்படியென்றால், லூயியின் சண்டைப் படங்களைப் போட்டுப் பார்த்து, அவர் இடது கையால் குத்தியவுடன் அந்தக் கையைத் தாழவிடுகிறார் என்ற ஒரு சிறு குறையைக் கண்டுபிடித்துவிட்டார். கண்ணைத் திறந்து பார்த்ததுதான் அவர் செய்த மந்திரம். லூயி அந்தக் குறையைத் திருத்திக்கொண்டு 1938 ஜூன் 22ந் தேதி வந்தார். 2 நிமிஷம் 4 வினாடியில் ஷ்மெலிங் வீழ்ந்து, முதுகெலும்பு முறிவோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். 1936இல் இது தங்கள் ஜாதியின் உயர்வுக்கு அத்தாட்சி என்று ஹிட்லர் கூட்டத்தார் கூத்தாடினார்கள் அல்லவா, மறுசண்டை இல்லாவிட்டால் அந்தப் புளுகு நின்றுபோயிருக்குமே என்று சிலர் கேட்கிறார்கள். நமக்கு இதில் அவ்வளவு சம்மதமில்லை. ஒரு மனிதன் தாடையில் விழுந்த அடி எந்த ஜாதி உயர்ந்தது என்பதற்கு 1936இலும் அத்தாட்சியல்ல, 1938இலும் அத்தாட்சியல்ல. ஷ்மெலிங் நாஜிக் கட்சியில் சேராதவர், 1938 நவம்பரில் இரண்டு யூதச் சிறுவர்களைத் தம் அறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லூயிக்கும் அவருக்கும் மூன்றாவது சண்டை நடக்கவில்லை. பிற்காலத்தில் இருவரும் சிநேகிதர்களானார்கள்.

ஜனங்கள் பார்க்க ஆசைப்படுகிறார்களே, டிக்கட்டு விற்கிறதே என்பது அடுத்த வாதம். விற்கிறது, வாஸ்தவம்தான். தூக்கில் போடுவதற்கு டிக்கட்டு வைத்தாலும் விற்கத்தான் விற்கும்.

சமீப காலத்திலிருந்து ஓர் உதாரணம் பார்ப்போம். 2018இல் டியாண்டே வைல்டரும் டைசன் ப்யூரியும் மோதிச் சமமாக முடிந்தது. 2020 பிப்ரவரி 22ந் தேதி மறுபடியும் மோதியதில் ப்யூரி இரண்டு தடவை வைல்டரைத் தரையில் வீழ்த்தினார். ஏழாவது சுற்றில் வைல்டரின் பயிற்சியாளர்களில் ஒருவரான மார்க் பிரீலண்ட் துண்டை வீசிச் சண்டையை நிறுத்தினார். வைல்டர் சொன்ன காரணம் என்ன? மேடைக்கு வரும்போது தாம் போட்டுக்கொண்டு வந்த அலங்கார உடுப்பு 40 பவுண்டுக்கு மேல் கனம், அதனால் கால் சோர்ந்துவிட்டதாம்! அந்த உடுப்பை அவருக்கு மாட்டியது ப்யூரியா? உயிரைக் காப்பாற்றத் துண்டு வீசிய பிரீலண்டுக்குக் கிடைத்த பரிசு, வேலை நீக்கம்.

பிறகு ப்யூரி, 2021 ஆகஸ்டில் ஆந்தனி ஜோஷ்வாவோடு சவூதி அரேபியாவில் மோதுவதாக ஏற்பாடாயிற்று. வைல்டர் தரப்பார் ஒப்பந்த ஷரத்தைக் காட்டி மத்தியஸ்தத்துக்குப் போய் மே மாதத்தில் ஜெயித்தார்கள். ஜோஷ்வா வெளியே நிற்க, 2021 அக்டோபர் 9ந் தேதி மூன்றாவது சண்டை நடந்தது. அது நல்ல சண்டை என்பதை நாம் மறைக்கவில்லை. நாலாவது சுற்றில் ப்யூரியே இரண்டு தடவை விழுந்தார். அதற்குக் காரணம் உடுப்பல்ல, வைல்டர் புதுப் பயிற்சியாளரை வைத்துக்கொண்டு வயிற்றிலும் விலாவிலும் குத்தப் பழகி வந்திருந்தார். மாற்றிய அளவுக்குப் பலன் கிடைத்தது. போதாத அளவுக்கு உதை கிடைத்தது. பதினோராவது சுற்றில் அவரைத் தூக்கிவிட வேண்டியதாயிற்று.

பட்டம் என்ன பாட்டன் சொத்தா? தோற்றவனுக்கு உடனே திரும்பக் கேட்கும் உரிமையை எழுதி வைத்துக்கொண்டால், வாசலில் காத்திருக்கும் மூன்றாவது மனிதன் எப்போது உள்ளே வருவது? 1964இல் உலகக் குத்துச்சண்டைச் சங்கம், உடனடி மறுசண்டைக்கு ஒப்புக்கொண்டதற்காக முகம்மது அலியின் பட்டத்தையே பறித்தது. அந்தச் சங்கத்தின் யோக்கியதையைப் பற்றி நமக்குப் பெரிய மதிப்பில்லை. ஆனால் அப்படி ஒரு விதி இருந்ததில் அர்த்தமில்லாமலில்லை.

தோற்றவரே கேட்கிறாரே, அவர் உடம்பு, அவர் இஷ்டம் என்று கடைசியாகச் சொல்லுவார்கள். பாட்டர்சனும்தான் 1963இல் தாமாகவே கேட்டார். தாடி ஒட்டிக்கொண்டு ஓடியவர் வேறு என்ன கேட்பார்? வெட்கம் தின்றுகொண்டிருக்கும் மனிதனிடம் போய் இன்னொரு தடவை அடி வாங்குகிறாயா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லுவான். 1995 முதல் நியூயார்க் ராஜ்யக் குத்துச்சண்டைக் கமிஷனின் தலைவராயிருந்த அதே பாட்டர்சன், 1998இல் ஒரு வழக்கில் வாக்குமூலம் கொடுக்கும்போது, 1956இல் தாம் யாரை வீழ்த்திப் பட்டம் பெற்றோம் என்பதே ஞாபகம் வராமல் தவித்தார். உடனே பதவியை விட்டு விலகினார். லிஸ்டனுடைய அடியால்தான் அப்படியாயிற்று என்று நாம் சொல்லவில்லை, ஆதாரமில்லாமல் அப்படிச் சொல்லுவதும் தப்பு. 1972 வரையில் அவர் வாங்கிய எத்தனையோ அடிகளில் அவையும் சில. ஆனால் எதற்கும் உபயோகமில்லாத அடிகள் எவையென்று கேட்டால் 1963இல் வாங்கினவற்றைக் காட்டலாம்.

ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு ஷரத்து எழுதாமல் இருக்க முடியாது என்றால், இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதட்டும். ஒரு வருஷம் கழியாமல் மறுசண்டை இல்லை என்று ஒன்று. தோற்றவருடைய மூலையில் நின்று துண்டு வீசியவரும், இரண்டு கட்சியிலும் கூலி வாங்காத ஒரு வைத்தியரும் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் மறுசண்டை இல்லை என்று மற்றொன்று. துண்டு வீசியதற்காக அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தாலும், தேடிப்பிடித்துக் கேட்டாக வேண்டும்.