கல்லை எடுத்தாச்சு, குழாயை எடுத்தாச்சா?

கடலூர் பக்கம் யாருக்காவது கிட்னியில் கல் என்றால் முதலில் வருவது வாழைத்தண்டு சாறு. அப்புறம் நெருஞ்சில் கஷாயம். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்கள் பெரும்பாலும் தானாகவே சிறுநீரோடு வெளியேறிவிடும், பெயர் மட்டும் வாழைத்தண்டுக்குப் போய்விடும். (போகட்டும், அந்தச் சாக்கில் நாலு டம்ளர் தண்ணீராவது உள்ளே போகிறதே!) வெளியேறாத கல்லுக்குத்தான் ஆஸ்பத்திரி.

ஒரு காலத்தில் இதற்கு விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழிப்பார்கள். 1976-ல் ஸ்வீடனில் ஃபெர்ன்ஸ்ட்ரோம், யோஹான்சன் என்ற இருவர் முதுகுப் பக்கம் சின்னத் துளை போட்டுக் கல்லை எடுத்த முறையை வெளியிட்டார்கள். இன்று பி.சி.என்.எல். என்பது அதன் வளர்ச்சிதான். 1980-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் உடம்புக்கு வெளியிலிருந்தே அதிர்வலையால் கல்லை உடைத்தார்கள். பிறகு சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய கருவியை அனுப்பி லேசரால் பொடியாக்கும் முறை வந்தது. பொதுவாக 2 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் பி.சி.என்.எல்., சின்னதென்றால் மற்றவை.

எல்லாம் நல்லதுதான். சிக்கல் அதற்குப் பிறகு.

கல்லை எடுத்தபின் வீக்கத்தால் பாதை அடைத்துக்கொள்ளாமல் இருக்க, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை ஒரு மெல்லிய குழாயைப் பலருக்கு வைத்து அனுப்புகிறார்கள். டி.ஜே. ஸ்டென்ட் என்று பெயர். சில வாரங்களில் எடுத்துவிட வேண்டும். எடுப்பது சில நிமிட வேலை. எடுக்காமல் விட்டால்? குழாயின் மேலேயே கல் படியும், அடைப்பு வரும், கிருமி தொற்றும், கடைசியில் சிறுநீரகமே போகலாம். சில நிமிட வேலை பெரிய ஆபரேஷனாகிவிடும். மறந்துபோன ஸ்டென்ட் என்று மருத்துவ நூல்களில் தனியாகவே எழுதுகிறார்கள்.

எப்படி மறக்கும் என்று கேட்கலாம். தையல் இல்லை, தழும்பு இல்லை, வலி விட்டுவிட்டது. "சின்ன ஆபரேஷன், ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லித்தானே சேர்த்தார்கள்! உள்ளே குழாய் இருக்கும் விஷயம் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கெழுத்தில் இருக்கும். வாயால் சொல்லியிருப்பார்கள், ஆனால் மயக்கம் தெளியாதவரிடமோ, பில் கட்ட ஓடிக்கொண்டிருந்த மச்சானிடமோ.

தூரமும் ஒரு காரணம். கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பது கடலூரில் அல்ல, சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி சிதம்பரம் அண்ணாமலை நகரில். 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, 2021-ல் சுகாதாரத் துறைக்கு மாறிப் பெயரும் மாறியது. கடலூர்க்காரர் சிதம்பரம் போனாலும் சரி, ஜிப்மருக்கு பாண்டிச்சேரி போனாலும் சரி, குழாயை எடுக்க இன்னொரு தடவை பஸ் ஏற வேண்டும். ஒருநாள் கூலி போகும். உடம்பு நன்றாக இருக்கும்போது யார் போவார்கள்? தனியார் ஆஸ்பத்திரி என்றால், முதலில் சொன்ன தொகையில் இந்த இரண்டாவது செலவும் சேர்ந்ததா என்பதையும் முன்பே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

எனவே நோயாளியின் அலட்சியம் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. கடன் தவணைக்கு வங்கியிலிருந்து முன்கூட்டியே எஸ்.எம்.எஸ். வருகிறது. குழந்தைத் தடுப்பூசிக்குத் தேதி எழுதிய அட்டை இருக்கிறது, கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்து கேட்கிறார். அதேபோல ஸ்டென்ட் வைத்த ஒவ்வொருவர் பெயரும் ஒரு நோட்டில் இருக்கட்டும். கையில் ஓர் அட்டை, அதில் தமிழில் இரண்டே வரி: "உங்கள் உடம்புக்குள் ஒரு குழாய் இருக்கிறது. இந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும்." வராதவருக்கு ஒரு போன்.