கோப்பை வைக்கலாம், மாத்திரையை நிறுத்தலாமா?

"ரத்தக் கொதிப்பா? முதுகில் நாலு கோப்பை வைத்து ரத்தத்தை இறக்கிவிட்டால் போதும். ஆயுள் பூராவும் மாத்திரை விழுங்க வேண்டியதில்லை." இப்படி ஒரு பேச்சு மில் வாசலிலும் களத்துமேட்டிலும் இன்று அடிபடுகிறது. ஹிஜாமா என்றும் கப்பிங் என்றும் பட்டணங்களில் பெயர்ப் பலகைகள் தொங்குகின்றன. 2016-ம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் பந்தயத்தில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் தோளில் வட்ட வட்டமாகக் கன்றிய அடையாளங்களோடு குளத்தில் இறங்கினார். பத்திரிகைகள் அதைப் படம் போட்டுக் காட்டிய பிறகு இந்த வைத்தியத்துக்கு மவுசு இன்னும் ஏறியது.

கோப்பை வைத்துக்கொள்வது அவரவர் விருப்பம். ஆனால் கோப்பையை நம்பி மாத்திரையை நிறுத்துவது உயிர் போகிற காரியம். இந்த வித்தியாசத்தை உழைப்பாளி மக்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். இந்த வைத்தியம் நேற்று முளைத்ததல்ல. மாட்டுக் கொம்பு, சுரைக் குடுக்கை, அட்டை ஆகிய மூன்றையும் கொண்டு ரத்தம் எடுக்கும் விதத்தைச் சுசுருத சம்ஹிதை சொல்கிறது. சித்த வைத்தியத்தின் 32 புற மருத்துவ முறைகளில் உறிஞ்சலும், குருதி வாங்கலும், அட்டை விடலும் உண்டு. கிரேக்கர்களும் சீனர்களும் அரபு நாட்டினரும் கோப்பை வைத்தார்கள். அரபு மொழியில் ஹஜ்ஜாம் என்றால் கோப்பை வைப்பவர். அந்தச் சொல்தான் வட இந்தியாவில் நாவிதரைக் குறிக்கும் சொல்லாயிற்று. நம் ஊர்களிலும் கட்டி கீறியதும், ரத்தம் எடுத்ததும், பிரசவம் பார்த்ததும் நாவிதர் குடும்பங்கள்தான். அவர்களுடைய கைத்திறமையை அனுபவித்துக்கொண்டே அவர்களைத் தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கி வைத்தது ஜாதிச் சமூகம். ஆகவே, பழைய வைத்தியம் என்பதற்காக இதைக் கேலி செய்வது நியாயமில்லை. பழையது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் புத்திசாலித்தனமில்லை. பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

ரத்தக் கொதிப்பு என்ற பெயரே நம்மைப் பாதி ஏமாற்றிவிடுகிறது. கொதிப்பு என்றால் சூடு. ரத்தத்தைக் கொஞ்சம் வெளியேற்றினால் சூடு தணியும் என்று மனம் கணக்குப் போடுகிறது. உண்மையில் ரத்தம் கொதிப்பதில்லை. இருதயம் ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம் அளவுக்கு மிஞ்சிப் போகிறது. மேல் அளவு 140, அல்லது கீழ் அளவு 90. இதை எட்டி, வெவ்வேறு நாட்களில் அளந்தபோதும் இறங்காமல் நின்றால் அது வியாதி.

பாய்லர் ஓட்டும் தொழிலாளிக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வால்வைத் திறந்து கொஞ்சம் நீராவியை விட்டால் முள் இறங்கும். அடுப்பு அதே வேகத்தில் எரிந்தால் சற்று நேரத்தில் முள் பழைய இடத்துக்கே வந்துவிடும். உடம்பும் அப்படித்தான். வயது வந்தவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. ரத்த தானம் செய்பவரிடம் 350 மில்லி எடுக்கிறார்கள். அதில் இழந்த நீரை ஓரிரு நாளில் உடம்பு சரிக்கட்டிவிடுகிறது. கோப்பையில் வடிவது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அழுத்தத்தை ஏற்றி வைப்பவை எவை? குழாய்களின் இறுக்கம், சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கி வைப்பது, வயது, பரம்பரை, சாப்பாட்டில் மிஞ்சிய உப்பு, குடி, உடல் பருமன். இந்த அடுப்பை எந்தக் கோப்பை அணைக்கும்?

கோப்பையில் கறுத்து உறைந்து கிடப்பதைக் காட்டி, "பார், இதுதான் கெட்ட ரத்தம்" என்கிறார்கள். ஆடு அறுத்த இடத்தில் ரத்தம் உறைவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெளியே வந்த ரத்தத்தின் சுபாவம் அது. உடம்பில் கெட்ட ரத்தத்துக்கு ஓர் அறை, நல்ல ரத்தத்துக்கு ஓர் அறை என்று கிடையாது. ஒரே ரத்தம்தான் ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒரு தடவை சுற்றி வருகிறது.

பாரிஸ் நகரில் பியர் லூயி என்று ஒரு டாக்டர் இருந்தார். அந்தக் காலத்து ஐரோப்பிய டாக்டர்கள் பெரும்பாலான வியாதிகளுக்கு ரத்தத்தைத்தான் எடுத்தார்கள். நிமோனியா கண்டவர்களில் சீக்கிரம் ரத்தம் எடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், தாமதமாக எடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று லூயி தலை எண்ணினார். டாக்டர்கள் பெருமையடித்த அளவுக்குப் பலன் இல்லை என்று 1835-ல் புத்தகம் எழுதி வெளியிட்டார். பத்துப் பேருக்குக் குணமாயிற்று என்று சொன்னால் போதாது. வைத்தியம் செய்துகொள்ளாத பத்துப் பேர் கதி என்ன என்றும் கேட்க வேண்டும். இதுவே அவர் கற்றுத் தந்த பாடம்.

கோப்பைக்கும் இப்படித் தலை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ரத்தக் கொதிப்புக்குக் கோப்பை வைத்த ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பரிசீலித்த கொரிய ஆராய்ச்சியாளர்கள், பலன் உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2010-ல் முடிவு கட்டினார்கள். சவூதி அரேபியாவில் 80 நோயாளிகளை வைத்து நடத்திய சோதனை 2015-ல் வெளியாயிற்று. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு மூன்று தடவை கீறிக் கோப்பை வைத்தார்கள். மறு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். நாலு வாரத்தில் கோப்பை வைத்தவர்களின் மேல் அளவு மற்றவர்களைவிடச் சராசரி 8.4 புள்ளி குறைந்திருந்தது. எட்டு வாரத்தில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. கவனியுங்கள்: அங்கேகூடக் கோப்பை மாத்திரைக்குப் பதிலாக வரவில்லை, கூடுதலாகத்தான் வந்தது.

கோப்பையால் பிரயோஜனமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. கழுத்து வலிக்கும் இடுப்பு வலிக்கும் கொஞ்ச நாளைக்குச் சுகம் தருகிறது என்று சில ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. எட்டு மணி நேரம் தறி முன்னால் நிற்பவருக்கும், குனிந்தே நாற்று நடுபவருக்கும் அது சின்ன விஷயமல்ல. வலிக்கு அடிக்கடி விழுங்கும் டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் ஆபத்தும் இருக்கிறது. ஒருவருக்குக் கீறிய பிளேடை இன்னொருவருக்குப் போட்டால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் தொற்றும். சர்க்கரை வியாதிக்காரருக்குக் கீறல் ஆறாமல் புண்ணாகலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்கு ரத்தம் நிற்காமல் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 57 சதம் பேருக்கு ரத்த சோகை; தமிழ்நாட்டில் 53 சதம். களை பறிக்கும் பெண்ணுக்கு இருக்கிற ரத்தமே போதவில்லை. அவளிடமிருந்து மேலும் ரத்தத்தை எடுப்பது வைத்தியமா?

மாத்திரையை நிறுத்தினால் மறுநாள் ஒன்றும் தெரியாது. ரத்தக் கொதிப்புக்கு வலி கிடையாது. அதுதான் அதன் சூது. கோப்பை வைத்த சுகத்தில் குணமாகிவிட்டது என்று நினைத்திருப்போம். ஆறு மாதமோ ஆறு வருஷமோ கழித்து ஒரு விடியற்காலை வாய் கோணி, கை விழுந்துவிடும். சம்பாதிக்கும் ஆள் படுக்கையில் விழுந்தால் குடும்பம் என்னாகும்? 2024-ல் உலகில் 140 கோடிப் பேருக்கு இந்த வியாதி இருந்தது என்றும், ஐந்தில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்கிறது.

இத்தனைக்கும் அம்லோடிபின் போன்ற மாத்திரை விலை மலிவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பிறகு ஏன் ஜனங்கள் கோப்பையைத் தேடிப் போகிறார்கள்? ஆஸ்பத்திரி காலையில் திறக்கிறது. ஆலையும் வயலும் அதே காலையில்தான் கூப்பிடுகின்றன. மாத்திரை இலவசம், ஆனால் அதை வாங்க ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். வரிசையில் நின்று டாக்டரிடம் போனால் ஒரு நிமிஷம்கூடப் பேச முடிவதில்லை. கோப்பைக்காரர் ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கிறார். உட்கார வைத்துக் குறை கேட்கிறார். கோப்பைக்கு இவ்வளவு என்று காசு வாங்கினாலும் மனுஷனாக மதிக்கிறார். இந்தப் பள்ளத்தை நிரப்பாமல் தொழிலாளியை அறியாதவன் என்று திட்டி என்ன பயன்?

ஆகவே நாம் கேட்க வேண்டியது இதுதான். ஷிப்ட் மாறும் நேரத்தில் மில் வாசலிலேயே அழுத்தம் அளக்க வேண்டும். கூலியில் 0.75 சதம் பிடித்துக்கொள்ளும் இ.எஸ்.ஐ. மருந்தகம் மாலையிலும் திறந்திருக்க வேண்டும். வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கியது; அந்த ஏற்பாடு கடைசிக் குடிசை வரை, ஒரு மாதமும் தவறாமல் எட்ட வேண்டும். சென்னை அரும்பாக்கத்தில் சர்க்காரே யுனானி மருத்துவக் கல்லூரி நடத்துகிறது. கோப்பை வேண்டுவோர் அப்படிப் படித்துப் பதிவு பெற்ற வைத்தியரிடம், புது பிளேடோடு வைத்துக்கொள்ள வழி செய்ய வேண்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் மீது நடவடிக்கை வேண்டும்.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைக் குறைப்போம். ஒருநாள் உப்பு 5 கிராமுக்கு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு, மேல் வேண்டாம். கோப்பை வைப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு வைப்போம். மாத்திரை சாப்பிட்டுவிட்டு வெயிலில் வேலை செய்யும்போது தலை சுற்றினால் அதையும் டாக்டரிடம் சொல்வோம்; நாமாக நிறுத்த வேண்டாம். மாதம் ஒருமுறை அழுத்தத்தை அளந்து எழுதி வைப்போம். கோப்பை வைத்தவரானாலும் வைக்காதவரானாலும் முள் காட்டும் எண்தான் சாட்சி.