வரப்பும் வழக்கும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலுள்ள வன்னியம்பட்டியில் ஒரு தென்னந்தோப்பும் அதை ஒட்டி ஒரு மாந்தோப்பும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுவே வரப்பு, வரப்பின் மேல் மூன்று பனைகள், இரண்டு தோப்புக்கும் பொதுவாக ஒரு கிணறு. தென்னந்தோப்புக்காரர் வேலியைப் புதுப்பிக்கையில் ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டார் என்பது மாந்தோப்புக்காரரின் பிராது. நேற்று வரை "அண்ணாச்சி" என்று அழைத்த வாய் இன்று "அந்த ஆள்" என்கிறது. முறைத் தண்ணீர் நின்றுபோகிறது. இரு வீட்டுப் பெண்டிரும் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போவதில்லை.

கணக்குப் பார்ப்போம். ஒரு முழ அகலம், 300 அடி நீளம் என்றால் 450 சதுர அடி. ஒரு செண்டு என்பது 435.6 சதுர அடி. ஆகவே, கோடையில் கிணற்றுத் தண்ணீரையே இழக்க இருவரும் துணிந்திருப்பது ஏறக்குறைய ஒரு செண்டுக்காக! ஒரு செண்டுதானே, போகட்டும் என்று உபதேசம் செய்ய நாம் வரவில்லை. 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, பிறர் நிலத்தைத் தனதென்று வெளிப்படையாக 12 வருஷம் இடைவிடாது அநுபவித்தவன் அதற்குப் பாத்தியதை கொண்டாட முடியும். சும்மா இருப்பது பெருந்தன்மையாக இருக்கலாம். சில சமயம் அது தானசாசனமாகவும் முடியும்.

முதற்காரியம், பெட்டியிலுள்ள பத்திரங்களை எடுத்துப் பார்ப்பது. இந்தப் பிரதேசத்துப் பழைய பத்திரங்களில் ஒரு வேடிக்கை உண்டு. பாட்டனார் காலத்துக் கிரயம் திருநெல்வேலி ஜில்லா என்னும். 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா ஏற்பட்டபோது ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அதில் சேர்ந்தமையால் தகப்பனார் காலத்துப் பாகப்பத்திரம் ராமநாதபுரம் என்னும். 1985-இல் ஜில்லாவைப் பிரித்த பின் எழுதியவை காமராஜர் பெயரையும், பிற்பாடு விருதுநகர் பெயரையும் தாங்கும். நிலம் என்னவோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. பார்க்கவேண்டியது நான்கெல்லை விவரம். விஸ்தீரணமும் நான்கெல்லையும் முரண்பட்டால், பொதுவாக நான்கெல்லையையே கோர்ட்டார் பெரிதாகக் கொள்வார்கள்.

அடுத்தது புலப்படம். பழைய ஸர்வேக்காரர்கள் 66 அடிச் சங்கிலியைக் கொண்டு அளந்தார்கள். அதில் 100 கண்ணி. ஒரு கண்ணி எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கல்லுக்குக் கல் குறுக்கே கோடு பிடித்து, அதிலிருந்து வளைவுகளுக்குச் செங்குத்தாக அளந்து படத்தில் குறித்தார்கள். அந்த அளவுகளைக் கொண்டு, காணாமற்போன கல்லின் இடத்தையும் மீண்டும் கண்டுபிடித்துவிடலாம். படத்தின் அருமை இதுவே. வரப்போ வருஷந்தோறும் மண்வெட்டிக்கு ஏற்ப நகரும் ஜந்து. அதைச் சாட்சியாக நம்புவதற்கில்லை. முன்பெல்லாம் கர்ணம் வந்து நின்று "இதுதான் எல்லை" என்பார். பரம்பரைக் கர்ணமும் கிராம முன்சீபும் 1980-இல் போய்விட்டார்கள். அவர்களுடைய ஞாபகமும் அவர்களோடு போயிற்று.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லவேண்டும். வன்னியம்பட்டியானாலும் வேறெந்தப் பட்டியானாலும், தகராறு செய்யும் அண்டை வீட்டார் பெரும்பாலும் பங்காளிகளே. பாட்டனார் வாய்வார்த்தையாகப் பிரித்துக் கொடுத்திருப்பார். பட்டா மட்டும் கூட்டுப் பட்டாவாகவே கிடக்கும். ஸர்வே எண்ணுக்குள் உட்பிரிவே ஆகவில்லையென்றால் படத்தில் இல்லாத கோட்டை ஸர்வேயர் எங்கிருந்து காட்டுவார்? முதலில் பாகத்தை எழுத்திலாக்கி, உட்பிரிவு செய்து, தனிப்பட்டா வாங்கவேண்டும்.

கோடு படத்தில் இருக்குமானால், கட்டணம் செலுத்தி அளவைக்கு மனுச் செய்யலாம். இதனை அத்துமால் மனு என்பர். இப்போது இணையவழியாகவும் செய்யலாம். மனுப் போடுவதற்கு முன் பக்கத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. "அண்ணாச்சி, கல்லை ஒருமுறை பார்த்துவிடுவோம், உங்கள் பக்கம் வந்தாலும் சரி, என் பக்கம் வந்தாலும் சரி" என்று சொல்லி, கட்டணத்திலும் பாதி கேட்டால், பாதித் தகராறு அங்கேயே கரைந்துவிடுவதுண்டு. அளக்கும் நாளில் அவரும் நிற்கவேண்டும். அவரில்லாமல் நட்ட கல்லின் பேரில் அவருக்கு எப்படி நம்பிக்கை வரும்? முடிவில் திருப்தியில்லாதவர் மேல் அதிகாரியின் மறு அளவையைக் கோரலாம்.

1923-ஆம் வருஷத்து ஸர்வே, எல்லைச் சட்டப்படி, கற்களைப் பேணிக் காப்பது நிலத்துக்காரரின் கடமை. இராத்திரியில் கல்லைப் பெயர்ப்பவர், 1860-ஆம் வருஷத்துப் பழைய தண்டனைச் சட்டத்திலும் குற்றவாளியே; 2024-இல் அமுலுக்கு வந்த புதிய சட்டத்திலும் குற்றவாளியே. வேலியை ஆளனுப்பிப் பிடுங்குவதும் கூடாது. அப்படிப் பிடுங்கினால் அதுவரை நியாயம் நம் பக்கம் இருந்தாலும், போலீஸ் ஸ்டேஷனில் கைகட்டி நிற்பவர் நாமாகவே இருப்போம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்கு, 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால், பாத்தியதையை விசாரியாமலே அநுபவத்தை மீட்டுத் தரும் தனி வழியும் சட்டத்தில் இருக்கிறது.

ஒன்றை மறக்கலாகாது: பட்டா வரிக்கு அடையாளமேயன்றிப் பாத்தியதைக்கு முடிந்த முடிவல்ல, ஸர்வேயர் கோட்டைக் காட்டுவாரேயன்றி, நிலம் யாருக்கென்று தீர்ப்பளிக்கமாட்டார். பாத்தியதையே தகராறானால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். கோர்ட்டிலும் கமிஷனரை நியமித்து, அவர் ஸர்வேயருடன் வந்து அதே வரப்பைத்தான் அளப்பார். முன்னமே செய்திருக்கக்கூடிய வேலை வக்கீல் பீஸோடு நடக்கும், அவ்வளவுதான்!

வழக்குப் போட்டவர்களுக்கும் ராஜி வழி அடைபடவில்லை. 1987-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் நடக்கும் லோக் அதாலத்தில் இருவரும் ஒப்புக்கொண்டு பெறும் முடிவு கோர்ட்டு டிக்ரிக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை. கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். விருதுநகர் ஜில்லாவின் தலைமைக் கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருப்பதால் வன்னியம்பட்டிக்காரர்கள் இதற்காகத் தொலைதூரம் அலையவும் வேண்டாம். அங்கே ராஜி எழுதும்போது நிலத்தின் கோட்டோடு நிறுத்திவிடாமல், மூன்று பனைகளும் யாருக்கு, கிணற்றில் யாருக்கு எந்த நாள் முறை என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ள வேண்டும்.