சர்வரிலும் இரண்டு அடி காலியாக இருக்கட்டும்

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நூம்பலில் குடியிருக்கும் எங்களுக்குச் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம்தான் முதல் செய்தி. ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2020 நவம்பர் 25 அன்று நிவர் புயல் நெருங்கியபோது, மட்டம் 22 அடியைத் தொட்டதுமே மதகைத் திறந்து விநாடிக்கு 1,000 கன அடி நீரை வெளியேற்றத் தொடங்கினார்கள். 'இன்னும் இரண்டு அடி காலியாக இருக்கிறதே, கோடையில் குடிநீருக்கு எங்கே போவது?' என்று கேட்டவர்கள் உண்டு. 2015 டிசம்பர் 1 இரவு விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதை மறக்காதவர்கள் கேட்கவில்லை.

வேலை செய்யும் இடங்களில் நான் அடிக்கடி சந்திப்பதும் இதே கேள்விதான். 'மூன்று சர்வர் வாங்கினோம். மூன்றில் ஒரு பங்கு சும்மாதானே கிடக்கிறது?'

வீட்டுக் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். நிறுவனங்களில் ஒரே சர்வருக்குள் இப்படி இருபது, முப்பது வெர்ச்சுவல் மெஷின்கள் ஓடும். அத்தகைய சர்வர்கள் சிலவற்றைப் பொதுவான ஸ்டோரேஜுடன் இணைத்தால் அது கிளஸ்டர். ஒரு சர்வர் படுத்துவிட்டால் அதிலிருந்த மெஷின்கள் மற்ற சர்வர்களில் தாமாகவே மீண்டும் பூட் ஆகும். இதற்குத்தான் ஹை அவைலபிலிட்டி என்று பெயர். ஆனால் பூட் ஆவதற்கு அங்கே மெமரி இருக்க வேண்டுமே! பிராசசரைப் பலர் பங்கு போட்டால் வேகம் குறையும், அவ்வளவுதான். மெமரி அப்படி நீளாது.

நான் பார்த்துக்கொண்ட ஒரு கிளஸ்டரின் கதையைச் சொல்கிறேன். மூன்று சர்வர்கள், ஒவ்வொன்றிலும் 256 ஜிபி, ஆக மொத்தம் 768 ஜிபி. ஒன்று போனால் மிச்சம் 512. அதிலும் ஹைப்பர்வைசர் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். எனவே 480 ஜிபிக்கு மேல் போகக் கூடாது என்று ஆரம்பத்தில் நானே எழுதி வைத்தேன். முதலில் 400 ஜிபிதான் ஓடியது. பிறகு டெஸ்டிங்குக்கு ஒரு மெஷின், வருகைப் பதிவுக்கு ஒன்று, 'ஒரே வாரம்தான்' என்று கேட்டு வாங்கி யாரும் திருப்பித் தராத மெஷின்கள் நாலைந்து. இரண்டு வருடத்தில் 610 ஜிபி ஆகிவிட்டது. திரையில் ஒரு எச்சரிக்கையும் இல்லை, எல்லாம் பச்சை.

சம்பளப் பட்டியல் போடும் நாளில் ஒரு மதர்போர்டு போயிற்று. மெஷின்கள் அத்தனையும் சொன்னபடி எழுந்தன, ஆனால் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. 610 ஜிபி கேட்கும் மெஷின்கள் 512க்குள் நெருக்கியடித்ததால், இடமில்லாத மெமரியை ஹைப்பர்வைசர் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்க ஆரம்பித்தது. லாகின் திரை வரவே பத்து நிமிடம். முழுதாக நின்றிருந்தால்கூட எது முக்கியம் என்று பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றியிருக்கலாம்.

அட்மிஷன் கன்ட்ரோல் என்ற காவல்காரன் இருக்கிறானே, அவன் ஏன் தடுக்கவில்லை? விஎம்வேரில் அது, மெஷினுக்கு நீங்கள் 'ரிசர்வ்' செய்து கொடுத்த மெமரியைத்தான் கணக்கில் எடுக்கும். 32 ஜிபி மெஷினாக இருந்தாலும் ரிசர்வேஷன் பூஜ்யம் என்றால், அதன் பார்வையில் அந்த மெஷின் ஏறக்குறைய இடமே பிடிக்கவில்லை. நாங்கள் எதற்கும் ரிசர்வ் செய்யவில்லை. பச்சை விளக்கை நம்பியது என் தவறு.

இப்போது இன்னொரு சபலமும் சேர்ந்திருக்கிறது. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கிய பிறகு, நிரந்தர லைசென்ஸ் போய், கோர் கணக்கில் சந்தா என்றாகிவிட்டது. பிராசசரில் எட்டு கோர்தான் இருந்தாலும் 16 கோருக்குக் கட்ட வேண்டும். உடனே 'நாலு சர்வரை இரண்டு பெரிய சர்வராக மாற்றிவிடலாம்' என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 ஜிபி வேலைக்கு நாலு சர்வர் என்றால் தலா 100 ஜிபி, மொத்தம் 400 வாங்கினால் ஒன்று போனாலும் தாங்கும். இரண்டே சர்வர் என்றால் தலா 300, மொத்தம் 600 வாங்க வேண்டும். இதைச் சொன்னால் 'பாதி காலியாகவா?' என்பார்கள். ஆமாம், பாதி காலியாகத்தான்! முடியாது என்றால் அதை ஹை அவைலபிலிட்டி என்று மேலிடத்துக்கு எழுதாதீர்கள். ஒரு சர்வரில் பேட்ச் போடும்போது இன்னொன்று போனால் என்ன ஆகும் என்ற கேள்வி தனி. மூன்று சர்வரையும் ஒரே யுபிஎஸ்ஸில் சொருகி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது.

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இரண்டை வைத்து இலவசமான பிராக்ஸ்மாக்ஸில் பழகிப் பார்க்கும் நண்பர்களுக்கும் இதே கணக்குதான். 16 ஜிபி, 16 ஜிபி என்றால் உங்களிடம் இருப்பது 32 அல்ல, 16க்கும் குறைவு. ஒன்று போனால் மிஞ்சியது தனியாக முடிவெடுக்காது, பெரும்பான்மை ஓட்டு வேண்டும். மூன்றாவது ஓட்டுக்கு ஒரு ராஸ்பெர்ரி பை போதும்.

அந்தக் கிளஸ்டரில் மெஷின்களைக் கழித்து 470 ஜிபிக்குக் கொண்டுவந்தோம். முக்கியமானவற்றுக்கு ரிசர்வ் செய்தோம். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சர்வரின் பவரை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கிறோம். முதல் முறை அனுமதி கேட்டபோது மேலாளர், 'நன்றாக ஓடுவதை ஏன் தம்பி அணைக்கிறீர்கள்?' என்றார். இப்போது அவரே தேதியை நினைவுபடுத்துகிறார்.